சம்பந்தி கேட்ட நிமோனியா நற்சான்று

முருகன் துணை

திருத்தணி,
ஆடி 4.
ஆஸ்பத்திரி மாடி, ஜன்னலோரக் கட்டில்.

ஆர்.கே.பேட்டையில் பன்னிரண்டு விசைத்தறிக்கு உரிமையாளரும், 'மூலிகை முழக்கம்' வாட்ஸப் குழுவின் நிறுவனரும், எந்தக் கல்லூரியும் தொந்தரவு செய்யாமல் தானாகவே வைத்தியரானவருமாகிய என் மதிப்புக்குரிய சம்பந்தி திரு. ஹேமநாதன் அவர்களின் சமூகத்துக்கு, வேதாசலம் இரண்டு கையும் கூப்பி (ஒரு கையில் ஊசி குத்தியிருப்பதால் அதைப் பாதி மட்டும் கூப்பி) எழுதிக்கொண்டது.

இங்கே என் இடது நுரையீரல் சௌக்கியம். வலது நுரையீரலில் மேல்பாதி சௌக்கியம். கீழ்ப்பாதி சௌக்கியமாகிக்கொண்டு வருகிறது. அங்கே தங்கள் வீட்டில் எல்லோருடைய நுரையீரலும், முக்கியமாகத் தங்களுடையது, எப்படி இருக்கிறது என்று அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன்.

முந்தாநாள் போனில் தாங்கள் ஓர் ஆணை பிறப்பித்தீர்கள். நிமோனியாவிலிருந்து நான் இயற்கை முறையில் மீண்டு வந்த வரலாற்றைக் கைப்பட எழுதித் தரவேண்டும், அதைத் தங்கள் குழுவில் இருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் படித்துப் பயன்பெற வேண்டும் என்றீர்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பதினான்கு தடவை இருமினீர்கள். முப்பத்தொரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான், எண்ணுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. தறிக்கொட்டகைத் தூசு என்றீர்கள். போனை வைத்த பத்தாவது நிமிஷம் தங்கள் மருமகளும் என் மகளுமான தேவிப்பிரியா கூப்பிட்டாள். "நைனா, மாமாவுக்கு அஞ்சு நாளா காய்ச்சல். சோறு எறங்கல. ரெண்டு வார்த்த பேசனா மூச்சு வாங்குது. எக்ஸ்ரே எடுக்கலாம் வாங்க மாமான்னா, குரூப்புல அத்தினி பேரு கீறாங்க, நானே போயி எக்ஸ்ரே எடுத்துக்கினு வந்தா அவங்க மூஞ்சில எப்பிடி முழிக்கறதுன்னு கேக்கறாரு" என்று அழுதாள். ஆகவே தாங்கள் கேட்ட நற்சான்றை இதோ எழுதுகிறேன், ஒன்றையும் மறைக்காமல். இதைக் கொண்டுவருகிற மாப்பிள்ளை, அதாவது தங்கள் புத்திரன் அருள்முருகன், கடைசி வரி வரைக்கும் படிக்காமல் தங்களை எழுந்து போகவிட மாட்டார். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் மூச்சு வருவதில்லை, மிச்ச வார்த்தைகளையெல்லாம் தாங்களே எடுத்துக்கொள்கிறீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. படித்து முடித்ததும் எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு, எக்ஸ்ரே எடுக்க வரவேண்டும். என் வேண்டுகோள் இவ்வளவுதான்.

இனி வரலாறு. தேவிக்குப் பிரசவம் நல்லபடியாக ஆனால் ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுத்து முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன், பேத்தியும் பிறந்தாள், ஆனி பிறந்ததும் மாலை போட்டேன். இதெல்லாம் தங்களுக்குத் தெரிந்தது. விடியற்காலைப் பச்சைத்தண்ணீர்க் குளியல் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, ஆனி பதினைந்தாம் தேதி காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வந்தன. டாக்டரிடம் போகலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிரே டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு கட்டைப்பையோடு தாங்கள் வந்துகொண்டிருந்தீர்கள். "எங்க பொறப்பட்டீங்க சம்மந்தி? டாக்டராண்டயா? நான் ஒருத்தன் உசுரோட கீறப்பவா?" என்று கேட்டீர்கள். நாக்கை நீட்டச் சொன்னீர்கள், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தீர்கள், முதுகில் இரண்டு தட்டு தட்டினீர்கள், "ஒண்ணும் இல்ல, சளி கட்டிக்கினு கீது, மூணு நாள்ல இளக்கிடலாம்" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். கட்டைப்பையிலிருந்து நொச்சி, வேம்பு, எலுமிச்சை என்று ஏழு வகை இலை வெளியே வந்தது. எங்கள் வீட்டில் விசேஷத்துக்கு மட்டும் பரணிலிருந்து இறங்குகிற பெரிய டேக்சாவில் தண்ணீர் கொதித்தது. என் தலைமேல் ஒரு கம்பளி, கம்பளிமேல் ஜமக்காளம், ஜமக்காளத்தின்மேல் நான் எழுந்துவிடாமல் தங்கள் கை. நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் இருந்தவனை மேற்கொண்டு வேகவைக்கலாம் என்று கண்டுபிடித்த பெருமை தங்களையே சேரும். மூச்சு முட்டி நான் துள்ளிய துள்ளலில் டேக்சா சாய்ந்து வலது தொடை வெந்துபோயிற்று. "பாத்தீங்களா, கெட்டதெல்லாம் வெளிய வருது" என்றீர்கள். வெளியே வந்தது என் தோல். அதற்குச் சோற்றுக்கற்றாழை, நெஞ்சுக்குக் கற்பூரத் தைலம், நெற்றிக்குச் சுக்குப் பற்று, உள்ளுக்கு ஆடாதொடைக் கஷாயம், அது கசந்தால் அதன்மேல் தூதுவளைக் கஷாயம் என்று ஐந்து நாள் என்னைக் கவனித்துக்கொண்டீர்கள், அதை நான் மறக்க முடியாது, தொடையும் மறக்க விடாது.

நடுவில் எதிர்வீட்டுக்காரர் பாவம் பார்த்து, கொரோனா காலத்தில் வாங்கி வைத்திருந்த, விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தார். என் விரலில் எண்பத்தெட்டு காட்டிற்று. தாங்கள் பதறவேயில்லை. விஞ்ஞானி என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும். தங்கள் விரலில் மாட்டிப் பார்த்தீர்கள், தொண்ணூற்றேழு. என் மனைவி கோமளவல்லி விரலில் தொண்ணூற்றெட்டு. எதிர்வீட்டுக்காரருக்கும் தொண்ணூற்றெட்டு. மறுபடி எனக்கு மாட்டினால் எண்பத்தெட்டு. "பேட்டரி வீக்கு" என்றீர்கள். கோமளா விடவில்லை. "ஏண்ணா, நம்ம மூணு பேருக்கும் நல்லா வேல செஞ்ச பேட்டரி, இவரு வெரலு வந்தா மட்டும் எப்பிடி வீக்காவும்?" என்று கேட்டாள். அதற்குத் தாங்கள், "மிஷினு இன்னும் சம்மந்தி வெரலுக்குப் பழகலம்மா, ரெண்டு நாள் போனா பழகிடும்" என்று விளக்கம் கொடுத்தீர்கள். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் முப்பத்தொரு வருஷமாக என்னிடம் எத்தனையோ காரணம் சொல்லியிருக்கிறார்கள், சத்தியமாக இந்தத் தரத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

ஆறாவது நாள் கோமளா தங்களைக் கேட்காமலே ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். டாக்டர் ஸ்வீட்லின், தேவி வயதுதான் இருக்கும், குழாயை முதுகில் வைத்துக் கேட்டு, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, வலது பக்கம் கீழே வெள்ளையாக மேகம் மாதிரி இருப்பதைக் காட்டி, "நிமோனியா ஐயா, அட்மிட் ஆயிடுங்க" என்றார். பின்னாலேயே வந்துவிட்ட தாங்கள்தான், "அட்மிஷன்லாம் எதுக்கும்மா, மருந்த எழுதிக் குடுங்க, வூட்ல வெச்சி நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி மீட்டுக்கொண்டு வந்தீர்கள். அந்தம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், கடைசியில், விட்டுவிடாமல் சாப்பிட வேண்டும், மூச்சு வாங்கினால் அந்த நிமிஷமே வரவேண்டும் என்று இரண்டு தடவை அடித்துச் சொல்லி, ஏழு நாளைக்குக் கேப்சூல் கொடுத்தார். அப்புறம்தான் சம்பந்தி, தாங்கள் என் நுரையீரலில் நிகழ்த்திய மகத்தான காரியம். வீட்டுக்கு வந்து தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தேன், தங்கள் கை குறுக்கே வந்தது. "மாலை போட்டுக்கினு கீறீங்களே சம்மந்தி! இந்தக் கேப்சூல் கூடு இன்னாத்துல செய்யறான் தெரியுமா? மாட்டு எலும்ப காய்ச்சி எடுக்கறது. வீடியோவே கீது, பாருங்க" என்று போனை நீட்டினீர்கள். பார்த்தேன். கோமளாவும் பார்த்தாள். விரதத்துக்காக முட்டை வாங்குகிற கடைப்பக்கம்கூடப் போகாமல் இருக்கிற குடும்பம், காவடி எடுக்கிற உடம்பு, உள்ளே மாட்டெலும்பா என்று நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இதில் தங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். தலையை ஆட்டியவன் நான்தான். ஒவ்வொரு கூட்டையும் பிளந்து பொடியை மட்டும் தேனில் குழைத்துக் கொடுக்கிறேன் என்று தாங்கள் சொன்னபோது, அடடா, என்ன மூளை இவருக்கு என்று வாய்விட்டே சொன்னேன்.

பொடி பாதி கல்வத்தில் ஒட்டிக்கொண்டது, கால்வாசி தங்கள் விரலில், மீதி என் நாக்கில். அந்தக் கசப்பு தாங்காமல் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். "இங்கிலீஷ் மருந்து சூடு ஜாஸ்தி, பாதி குடுத்தாப் போதும்" என்று அந்தக் கால்வாசியையும் பாதியாக்கினீர்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் இறங்கிற்று. உடனே குழுவில், "சம்பந்திக்கு நிமோனியா குணம், ஆடாதொடையின் அற்புதம்" என்று போட்டுவிட்டு, மிச்சக் கேப்சூலையெல்லாம் பொட்டலம் கட்டி, இனிமேல் எதற்கு என்று பரணில் தூக்கிப் போட்டீர்கள். காய்ச்சல் இறங்கியதற்குக் காரணம் என் நாக்கில் ஒட்டிய அந்தத் துளி இங்கிலீஷ் மருந்தாகக்கூட இருக்கலாமே என்று கோமளா கேட்டாள். தாங்கள் சிரித்தீர்கள். பொம்பளைங்களுக்கு இது புரியாதும்மா என்கிற சிரிப்பு.

அதற்கப்புறம் வந்தது மலைப்படி வைத்தியம். ஆனி இருபத்தெட்டாம் தேதி காலை. "நுரையீரல் சுருங்கிக்கினு கீது, படி ஏறினா தானா விரியும், கிருத்திகைக்கு ஒத்திகை பாத்தா மாதிரியும் ஆச்சி" என்று என்னை அழைத்துக்கொண்டு போனீர்கள். இருபதாவது படியில் நெஞ்சு அடைத்தது. "மூச்சு வாங்குதா? வாங்கட்டும், சளி இளகுது" என்றீர்கள். நாற்பதாவது படியில் கண் இருட்டியது. "இளகுது, இளகுது." அறுபத்திரண்டாவது படியில் நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று மரியாதைக்கு எழுதுகிறேன், விழுந்தேன். காற்று என்னைச் சுற்றி அவ்வளவு இருக்கிறது, மலையே காற்று, எனக்குள் மட்டும் ஒரு சொட்டும் போகமாட்டேன் என்கிறது. முருகா என்று கூப்பிடவாவது வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அதற்குக்கூடக் காற்று இல்லை. அந்த நேரத்தில் நான் பயந்தேன் சம்பந்தி. பேத்திக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லையே என்றுதான் நினைத்தேன். பூ விற்கிற அம்மா ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யோவ், ஒதடு கறுத்துப் போச்சிய்யா இவருக்கு, இன்னும் இன்னா பாத்துக்கினு நிக்கற?" என்று தங்களைக் கேட்டாள். தாங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். முன்பின் தெரியாத யாரோ நாலு பேர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

எட்டு நாளாக இங்கே இருக்கிறேன். மூக்கில் குழாய், கையில் ஊசி. கையில் ஒரு டப்பா கொடுத்திருக்கிறார்கள், உள்ளே மூன்று பந்து, உறிஞ்சினால் பந்து மேலே எழும்ப வேண்டும். முதல் நாள் ஒன்றும் அசையவில்லை, நேற்று இரண்டு எழும்பிற்று, தபிதாள் சிஸ்டர் கைதட்டினார். அறுபத்து மூன்று வயதில் பந்து எழுப்பியதற்குக் கைதட்டு வாங்கியவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டாக்டரம்மாவிடம் கேப்சூல் கதையை ஒரு வழியாக ஒப்புக்கொண்டேன். அவர் திட்டுவார் என்று பார்த்தேன். தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயா, விரதம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அதே மருந்த கூடு இல்லாத மாத்திரையா எழுதிக் குடுத்திருப்பேனே" என்றார். அதே மருந்து. கூடு இல்லாமல். கேட்டால் கொடுத்திருப்பார். நாமும் கேட்கவில்லை, தங்கள் வீடியோவும் அதைச் சொல்லவில்லை. கஷாயத்தைப் பற்றியும் கேட்டேன். "தாராளமா குடிங்க, தொண்டைக்கு இதமா இருக்கும், தேனும் நல்லதுதான், ஆவியும் சுட்டுக்காம புடிச்சா தப்பில்ல. மருந்தோட குடிங்க, மருந்துக்குப் பதிலா குடிக்காதீங்க" என்றார். பாருங்கள், தங்கள் கட்டைப்பையை அந்தம்மா முழுசாகத் தள்ளிவிடக்கூட இல்லை. கிருத்திகைக்குக் காவடி கூடாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். முருகன் காத்திருப்பார், அவருக்கு வேறு எங்கே போகவேண்டியிருக்கிறது.

நாலாம் நாள் தாங்கள் பார்க்க வந்தீர்கள். ஆறுதல் சொல்ல வந்தார் என்று கோமளா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். தாங்கள் பிளாஸ்கிலிருந்து கஷாயத்தை ஊற்றி என் கையில் கொடுத்து, "கொஞ்சம் சிரிங்க சம்மந்தி" என்று சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டீர்கள். அந்தப் படத்தைத் தேவி எனக்குக் காட்டினாள். மூக்குக் குழாய் தெரியாமல் ஓரத்தை வெட்டியிருந்தீர்கள், பாராட்டுகிறேன், ஆனால் பின்னால் தொங்குகிற மருந்து பாட்டிலை வெட்ட மறந்துவிட்டீர்கள். குழுவில் யாரோ, "பின்னால இன்னாண்ணா தொங்குது?" என்று கேட்க, "அது சும்மா சத்துத் தண்ணி" என்று பதில் போட்டிருந்தீர்கள். அந்தச் சத்துத் தண்ணி போகாமலிருந்தால் இந்நேரம் அந்தப் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். அன்றைக்கும் தாங்கள் இருமினீர்கள். ஸ்டூலில் உட்கார்ந்து, வாயில் துண்டை வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாது என்று நினைத்து இருமினீர்கள். எனக்குத் தெரிந்தது. என் இருமலை எனக்குத் தெரியாதா?

ஆகவே, இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அறியவேண்டிய நற்சான்று இதுதான்: மேற்படி வைத்தியர் ஒரு நிமோனியாவை இரண்டு நிமோனியாவாக்க வல்லவர், தோலை உரிக்க வல்லவர், ஒரு மனிதனை அறுபத்திரண்டு படியில் ஆகாயத்துக்கு அனுப்ப வல்லவர். இதை நகல் எடுத்துக் குழுவில் போடுங்கள், கொட்டகைச் சுவரில் ஒட்டுங்கள், அதற்கப்புறமும் எக்ஸ்ரே எடுக்க மாட்டேன் என்றால் உங்களுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, பேத்தி பெயர் சூட்டுக்கு நீங்கள் ஒரு பக்கம் உட்காருங்கள், நான் ஒரு பக்கம் உட்காருகிறேன், அவ்வளவுதான்.

தங்கள் வீட்டம்மாளுக்கு என் வணக்கத்தையும், மகள் தேவிக்கும் பேத்திக்கும் என் ஆசியையும், பன்னிரண்டு தறிகளுக்கும் என் விசாரிப்பையும் சொல்லவும். மலைமேல் இருக்கிறவர் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும், சிலருக்குக் கொஞ்சம் புத்தியையும் தந்தருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வைத்தியத்தையும் மீறித் தங்கள் சம்பந்தியாக நீடிக்கும்,
வேதாசலம்

பி.கு.: இதை மடிக்கும்போது தேவி மறுபடியும் கூப்பிட்டாள். காலையில் கொட்டகையில் அறுந்த இழையை முடிய எழுந்தவர், தறியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டீர்களாம். "மாமா பேச மாட்டேங்கறாரு நைனா, கைய மட்டும் ஆட்டறாரு" என்றாள். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள் சம்பந்தி. படிக்கவே வேண்டாம். ஒரு வரிகூட நான் எழுதவில்லை. நீங்கள் கேட்டது இதோ: 'வேதாசலம் ஆகிய நான், ஹேமநாதன் அவர்களின் கஷாயத்தால் மட்டுமே பிழைத்தேன்.' கையெழுத்தும் போட்டுவிட்டேன். எக்ஸ்ரே எடுத்த கையோடு இதைக் குழுவில் போட்டுக்கொள்ளுங்கள், மைக் வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். உண்மையை, நீங்கள் நன்றாக எழுந்து நடந்த பிற்பாடு, இரண்டு பேருமாக உட்கார்ந்து நிதானமாக எழுதி அனுப்பலாம். மாப்பிள்ளை கீழே காரைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறார். குழுவில் கேட்டால், சம்பந்தியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. என் பக்கத்துக் கட்டில் இன்று காலையில்தான் காலியாயிற்று. சிஸ்டர் வேறு யாருக்காவது கொடுத்துவிடப் போகிறார் என்று அதன்மேல் என் துண்டைப் போட்டு வைத்திருக்கிறேன். ரயிலில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களை முப்பத்தொரு வருஷம் எழுப்பிவிட்டவன் நான். சிஸ்டர் இரண்டு தடவை வந்து எடுக்கச் சொல்லிவிட்டார், நான் எடுக்கவில்லை. சீக்கிரம் வாங்க.